வெப்பமும் குளிரும்: மூன்று பல்கலைக்கழக வளாகங்களின் ஆற்றல் மாற்றம்

பல்கலைக்கழக வளாகங்களின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் திட்டங்கள் என்றதும் கட்டடக் கூரைகளில் வரிசையாகப் பொருத்தப்பட்ட சூரிய மின்தகடுகளே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால், குளிர்நாடுகளிலும் மிதவெப்ப நாடுகளிலும் உள்ள ஒரு பெரிய வளாகத்தின் ஆற்றல் கணக்கை எடுத்துப் பார்த்தால், அதில் பெரும்பங்கு கட்டடங்களைச் சூடாக்குவதற்கும் குளிர்விப்பதற்கும் செல்வதையும், விளக்குகளும் கணினிகளும் எடுத்துக்கொள்வது அதற்கு அடுத்த நிலையிலேயே நிற்பதையும் காணலாம். அதனால்தான், உமிழ்வைப் பெருமளவு குறைத்துக் காட்டிய வளாகங்கள் கூரையோடு நின்றுவிடாமல், தரைக்கு அடியில் ஓடும் குழாய்களின் மீதும் கவனம் செலுத்தின. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள கார்னெல், இந்தியானா மாநிலத்திலுள்ள பால் ஸ்டேட், கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வழிகளில் இதைச் செய்துள்ளன. முதலாவது ஓர் ஏரியின் ஆழத்திலிருந்தும், இரண்டாவது மண்ணிலிருந்தும், மூன்றாவது தான் அதுவரை வீணாக்கிவந்த வெப்பத்திலிருந்தும் தனக்குத் தேவையானதைப் பெற்றுக்கொண்டது.

வளாகத்துக்கே உரிய வாய்ப்பு

ஒரு நகரத்தின் தெருவில் நூறு கட்டடங்கள் இருந்தால் நூறு உரிமையாளர்கள் இருப்பார்கள்; ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சூடேற்றும் கருவியும் தனித்தனி மின்கட்டணமும் இருக்கும். பல்கலைக்கழக வளாகத்தில் நூறு கட்டடங்களுக்கும் உரிமையாளர் ஒருவரே என்பதோடு, அந்த உரிமையாளர் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கும் அதே இடத்தில் இருக்கப்போகிறார் என்பதும் உறுதி. ஆகவே, போட்ட முதல் திரும்பிவர இருபது ஆண்டுகள் ஆகும் ஒரு திட்டம் தனிமனிதருக்குக் கட்டுப்படியாகாவிட்டாலும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுப்படியாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அமெரிக்க வளாகங்கள் பலவும், ஒரே இடத்தில் நிலக்கரிக் கொதிகலனை வைத்து நீராவி உண்டாக்கி, அதை நிலத்தடிக் குழாய்கள் வழியே எல்லாக் கட்டடங்களுக்கும் அனுப்பும் மைய அமைப்பை நிறுவிக்கொண்டன. இந்த அமைப்பில் ஒரு வசதி உண்டு. நூறு கட்டடங்களில் நூறு கருவிகளை மாற்றவேண்டியதில்லை. மையத்தில் உள்ள ஒன்றை மாற்றினால் வளாகம் முழுவதும் மாறிவிடும். ஒரு சிக்கலும் உண்டு. நீராவி நூறு டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பநிலையில் இருப்பதால், வழியிலேயே கணிசமான வெப்பம் மண்ணுக்குள் இழக்கப்படுகிறது. அத்துடன், அவ்வளவு உயர்ந்த வெப்பநிலையை எரிபொருளை எரித்துத்தான் எளிதில் பெறமுடியும். அறையைச் சூடாக்க எழுபது டிகிரி வெந்நீரே போதும் என்று ஏற்றுக்கொண்டால், எரிக்காமல் கிடைக்கும் வெப்ப மூலங்கள் பலவும் பயன்படத் தொடங்குகின்றன. தேவையான வெப்பநிலையைத் தாழ்த்துவது என்ற இந்த எளிய மாற்றமே பின்வரும் முயற்சிகளில் பலவற்றுக்கும் அடிப்படையாக அமைந்தது.

கார்னெல்: ஏரியின் அடியாழத்துக் குளிர்

கார்னெல் பல்கலைக்கழகம் அமைந்துள்ள இத்தாகா நகரம், பனியாறுகள் குடைந்து உருவாக்கிய நீண்ட ஏரிகளுள் ஒன்றான கயூகா ஏரியின் தென்முனையில் இருக்கிறது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமும் மிக ஆழமான இடத்தில் 435 அடி ஆழமும் கொண்ட இந்த ஏரியின் மேற்பரப்பு கோடையில் நீந்துவதற்கு ஏற்ற அளவுக்குச் சூடானாலும், 250 அடி ஆழத்தில் நீர் ஆண்டு முழுவதும் நான்கைந்து டிகிரி செல்சியசிலேயே இருக்கிறது. நன்னீர் நான்கு டிகிரியில்தான் மிக அதிக அடர்த்தியுடன் இருக்கும் என்பதே இதற்குக் காரணம். குளிர்காலத்தில் அந்த வெப்பநிலையை எட்டும் நீர் கனத்து அடியில் தங்கிவிடுகிறது. கோடையில் மேலே சூடாகும் நீர் இலேசாகி மேலேயே மிதப்பதால், அடிநீர் கலையாமல் அப்படியே இருக்கிறது.

1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்பாடு, ஓசோன் படலத்தைச் சிதைக்கும் குளோரோபுளோரோகார்பன் வாயுக்களைப் படிப்படியாக விலக்க முடிவுசெய்தபோது, அந்த வாயுக்களைக் கொண்டு இயங்கிய கார்னெலின் பெரிய குளிர்விப்பு எந்திரங்களையும் மாற்றவேண்டிய நிலை ஏற்பட்டது. அவற்றுக்குப் பதிலாகப் புதிய எந்திரங்களை வாங்குவதற்கு மாறாக, எந்திரமே பெருமளவு தேவைப்படாத ஒரு வழியைப் பொறியாளர்கள் முன்வைத்தனர். 2000ஆம் ஆண்டு ஜூலையில் செயல்படத் தொடங்கிய, சுமார் 5.8 கோடி டாலர் செலவிலான அந்தத் திட்டத்தில், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஒரு குழாய் ஏரியின் அடித்தரையில் கிடத்தப்பட்டு, ஆழத்துக் குளிர்நீரைக் கரையோர நிலையத்துக்குக் கொண்டுவருகிறது.

அந்த நீர் அங்கிருந்து குன்றின்மேல் உள்ள வளாகத்துக்கு ஏறிச் செல்வதில்லை. கரையோர நிலையத்தில் மெல்லிய உலோகத் தகடுகள் அடுக்கப்பட்ட வெப்பப் பரிமாற்றிகள் உள்ளன. தகட்டின் ஒருபுறம் ஏரிநீரும் மறுபுறம் வளாகத்தின் நீரும் ஓட, இரண்டும் கலக்காமலே வெப்பம் மட்டும் இடம் மாறுகிறது. வெப்பத்தை வாங்கிக்கொண்ட ஏரிநீர் ஏரிக்கே திரும்ப, குளிர்ந்த வளாக நீர் மூடிய சுற்றாக மேலேறிக் கட்டடங்களைக் குளிர்வித்துவிட்டு மீண்டும் கீழிறங்குகிறது. இச்சுற்று மூடப்பட்டதாக இருப்பதால், இறங்கும் நீரின் எடை ஏறும் நீரின் எடையை ஈடுசெய்துவிடுகிறது. பம்புகள் குழாயின் உராய்வை வென்றால் போதும். குளிர்விப்புக்குச் செலவான மின்சாரத்தில் 86 விழுக்காடு இதனால் மிச்சமாவதாகப் பல்கலைக்கழகம் தெரிவிக்கிறது.

ஏரிக்குள் இருக்கும் உயிர்களைப் பற்றிய கவனமும் வடிவமைப்பில் இடம்பெற்றது. ஏரியின் இருண்ட ஆழத்தில் பகலைக் கழிக்கும் மைசிட் என்னும் சிறு இறாலினம் குழாய்க்குள் உறிஞ்சப்படும் ஆபத்து இருந்தது. அவ்வினம் வெளிச்சத்தை வெறுத்து விலகும் இயல்புடையது என்பதால், குழாயின் வாயருகே ஒரு விளக்கு பொருத்தப்பட்டது. இருந்தும் திட்டத்துக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆழத்து நீரில் கரைந்துள்ள பாஸ்பரஸ், பாசி பெருகுவதற்கு உதவும் ஓர் ஊட்டம். அந்த நீர் ஆழமற்ற தென்முனையில் திருப்பி விடப்படுவதால் பாசி பெருகும் என்று உள்ளூர் மக்களில் ஒரு பகுதியினர் தொடக்கத்திலிருந்தே வாதிட்டனர். ஏரிக்குள் விழும் ஓடைகள் கொண்டுவரும் பாஸ்பரஸோடு ஒப்பிட்டால் இதன் பங்கு சிறியதே என்றாலும், 2013இல் அனுமதியைப் புதுப்பித்த மாநிலச் சுற்றுச்சூழல் துறை, பாஸ்பரஸ் அளவுக்கு வரம்பு விதித்ததோடு ஏரி முழுவதையும் பற்றிய விரிவான ஆய்வையும் நிபந்தனையாக்கியது. எரிபொருளே எரிக்காத திட்டத்துக்கும் சுற்றுச்சூழல் கணக்கு ஒன்று உண்டு என்பதை இவ்விவாதம் பதிவு செய்துவைத்தது.

பால் ஸ்டேட்: மண்ணில் வைத்து எடுக்கும் வெப்பம்

மன்சி நகரிலுள்ள பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஆழமான ஏரி எதுவும் அருகில் இல்லை. அங்கிருந்தவை, ஆண்டுக்கு ஏறத்தாழ 36,000 டன் நிலக்கரியை விழுங்கிய நான்கு பழைய கொதிகலன்கள். அவற்றின் ஆயுள் முடிந்துகொண்டிருந்தபோது, முதலில் திட்டமிடப்பட்டது மேம்பட்ட வகையைச் சேர்ந்த மற்றொரு கொதிகலனே; அதற்கான விலை மதிப்பீட்டைத் தாண்டியதால் மாற்று வழி தேடப்பட்டு, 2009இல் நிலத்தடி வெப்ப அமைப்பின் பணி தொடங்கியது.

நிலத்தடி வெப்பம் என்ற சொல் எரிமலை நாடுகளின் கொதிநீர் ஊற்றுகளை நினைவூட்டக்கூடும். இது அதிலிருந்து வேறுபட்டது. தரையிலிருந்து சில பத்து அடிக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை பருவத்துக்குப் பருவம் மாறாமல், அவ்விடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே நிற்கும். இந்தியானாவில் அது சுமார் 13 டிகிரி. பனிக்காலக் காற்றைவிட அது வெதுவெதுப்பானது. கோடைக்காலக் காற்றைவிடக் குளிர்ந்தது. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தும் கருவியே வெப்ப எக்கி. குளிர்பதனப் பெட்டி தன் உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறம் வெளியே தள்ளுவதைப்போல, இதுவும் வெப்பத்தைப் புதிதாக உண்டாக்காமல் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு இடம் மாற்றுகிறது. அதனால்தான், செலவிடும் ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கும் அதற்கு மேலும் வெப்பத்தைத் தர அதனால் இயல்கிறது.

வாகன நிறுத்துமிடங்களுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் அடியில், 400 முதல் 500 அடி ஆழத்துக்கு ஏறத்தாழ 3,600 துளைகள் இடப்பட்டன. இவை நீர் எடுக்கும் ஆழ்துளைக் கிணறுகள் அல்ல. ஒவ்வொரு துளையிலும் கீழ்முனையில் வளைந்து திரும்பும் ஒரு நெகிழிக் குழாய் இறக்கப்பட்டு, அதைச் சுற்றியுள்ள இடைவெளி சாந்தால் அடைக்கப்படுகிறது. குழாய்க்குள் ஓடும் நீர் மண்ணோடு வெப்பத்தை மட்டுமே பரிமாறிக்கொள்கிறது, நிலத்தடி நீரிலிருந்து ஒரு துளியும் எடுக்கப்படுவதில்லை. கோடையில் கட்டடங்களிலிருந்து நீக்கப்படும் வெப்பம் இக்குழாய்கள் வழியே மண்ணுக்குள் செலுத்தப்பட்டு, குளிர்காலத்தில் அதே மண்ணிலிருந்து திரும்ப எடுக்கப்படுகிறது. நீராவிக் குழாய்களின் இடத்தில் வெந்நீருக்கு ஒரு சுற்றும் குளிர்நீருக்கு ஒரு சுற்றுமாகப் புதிய குழாய்கள் பதிக்கப்பட்டன. 2014இல் நிலக்கரி எரிப்பது நிறுத்தப்பட்டது. 47 கட்டடங்களுக்குப் பயன்படும் இவ்வமைப்பு, ஆண்டுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் டாலர் மிச்சப்படுத்துவதாகப் பல்கலைக்கழகம் கணக்கிடுகிறது.

இங்கும் ஒரு கேள்வி எஞ்சியது. வெப்ப எக்கிகள் மின்சாரத்தில் இயங்குபவை. இந்தியானா மாநிலத்தின் மின்சாரமோ நீண்டகாலமாக நிலக்கரியையே பெரிதும் நம்பியிருந்தது. வளாகத்தின் புகைபோக்கி அணைந்தாலும், தொலைவிலுள்ள மின்நிலையத்தின் புகைபோக்கி ஓரளவு புகைந்துகொண்டுதான் இருந்தது. எனினும், ஒரு பங்கு மின்சாரத்தைக் கொண்டு பல பங்கு வெப்பம் பெறுவதால் மொத்த உமிழ்வு வெகுவாகக் குறைந்தது. மாநிலத்தின் மின்சாரம் தூய்மையாகும் அளவுக்கு இவ்வமைப்பும் எந்த மாற்றமும் இன்றித் தானாகவே தூய்மையாகும்.

ஸ்டான்ஃபோர்டு: வீணாகிய வெப்பத்தின் மறுபயன்

ஸ்டான்ஃபோர்டில் 1987 முதல் இயற்கை எரிவாயுவில் இயங்கிய இணை உற்பத்தி நிலையம் ஒன்று இருந்தது. ஒரே எரிபொருளிலிருந்து மின்சாரத்தையும், மின்னுற்பத்தியில் எஞ்சும் வெப்பத்திலிருந்து நீராவியையும் பெறும் இம்முறை, அக்காலத்தில் சிக்கனத்தின் உச்சமாகக் கருதப்பட்டது. அந்நிலையத்தின் காலம் முடிவை நெருங்கியபோது, வளாகத்தின் வெப்பத் தேவையையும் குளிர்த் தேவையையும் ஆண்டின் ஒவ்வொரு மணிநேரத்துக்கும் தனித்தனியே எடுத்துப் பொறியாளர்கள் ஒப்பிட்டனர். சூடாக்குவது குளிர்காலத்து வேலை, குளிர்விப்பது கோடைக்காலத்து வேலை என்ற பொதுவான எண்ணத்துக்கு மாறாக, ஆண்டின் பெரும்பகுதியில் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருப்பதை அந்த ஒப்பீடு காட்டியது.

இதற்கான காரணத்தை ஓர் ஆய்வகத்தில் காணலாம். வேதிப்பொருள்களின் ஆவி தங்கிவிடக்கூடாது என்பதற்காக ஆய்வகத்தின் காற்று முழுவதும் இடைவிடாமல் வெளியேற்றப்பட்டு, வெளிக்காற்று உள்ளே கொண்டுவரப்படுகிறது. அந்தக் காற்று முதலில் மையமாகக் குளிர்விக்கப்பட்டு, பிறகு ஒவ்வோர் அறையின் தேவைக்கு ஏற்ப மீண்டும் சூடாக்கப்படுகிறது. மருத்துவமனைகளிலும் இதே நிலைதான். அதாவது, ஒருபுறம் கட்டடங்களிலிருந்து எடுத்த வெப்பத்தைக் குளிர்விப்புக் கோபுரங்கள் நீரை ஆவியாக்கி வானத்தில் விட்டுக்கொண்டிருக்க, மறுபுறம் அதே வளாகத்துக்கு வெப்பம் வேண்டி எரிவாயு எரிந்துகொண்டிருந்தது.

2015இல் இயங்கத் தொடங்கிய புதிய மைய ஆற்றல் நிலையம் இவ்விரண்டையும் இணைத்தது. வெப்பத்தை மீட்கும் குளிர்விப்பான்கள், குளிர்நீர்ச் சுற்றிலிருந்து எடுக்கும் வெப்பத்தை வெளியே விடாமல் வெந்நீர்ச் சுற்றுக்கு மாற்றுகின்றன. வளாகத்தின் வெப்பத் தேவையில் மிகப் பெரும்பகுதி இவ்வாறே நிறைவேறுகிறது. இதற்காக ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளத்துக்கு வெந்நீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டு, 155 கட்டடங்களின் இணைப்புகள் நீராவியிலிருந்து வெந்நீருக்கு மாற்றப்பட்டன. மொத்தச் செலவு 48.5 கோடி டாலர். குளிர்விப்புக் கோபுரங்களில் ஆவியாகும் நீர் குறைந்ததால், கலிபோர்னியா கடும் வறட்சியில் இருந்த அந்த ஆண்டுகளில் வளாகத்தின் குடிநீர்ச் செலவும் கணிசமாகக் குறைந்தது.

அந்நிலையத்தில் கவனிக்கத்தக்க மற்றொன்று, அங்கே நிற்கும் பெரிய தண்ணீர்த் தொட்டிகள். சுமார் 23 இலட்சம் காலன் வெந்நீர் கொள்ளும் ஒரு தொட்டியும், அதைவிடப் பெரிய இரண்டு குளிர்நீர்த் தொட்டிகளும் உள்ளன. மின்சாரத்தை மின்கலங்களில் சேமிப்பதோடு ஒப்பிட்டால், வெப்பத்தையும் குளிரையும் தண்ணீரில் சேமிப்பது மிக மலிவானது. வரவிருக்கும் நாட்களின் வானிலையையும் மின்விலையையும் முன்கணித்து, மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நேரத்தில் எந்திரங்களை ஓட்டித் தொட்டிகளை நிரப்பவும், விலை ஏறும் நேரத்தில் தொட்டிகளிலிருந்தே வழங்கவும் ஒரு கணினி அமைப்பு வழிகாட்டுகிறது.

எரிவாயுவை விட்டு மின்சாரத்துக்கு மாறிய இவ்வேற்பாடு முழுப்பயன் தருவது அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. வளாகத்தின் கூரைகளில் அமைந்த சூரிய மின்தகடுகளின் திறன் ஐந்து மெகாவாட் அளவே என்பதால், தேவையின் பெரும்பகுதியை ஈடுசெய்யத் தொலைவிலுள்ள சூரியப் பண்ணைகளோடு நீண்டகால ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. அதே மாநிலத்தின் லெமூர் நகர் அருகே அமைந்த 88 மெகாவாட் திறனுள்ள இரண்டாவது பண்ணை 2022 மார்ச்சில் இயங்கத் தொடங்கியதும், தன் மின்தேவை முழுவதும் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து கிடைப்பதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. இத்தகைய அறிவிப்புகளை வாசிக்கும்போது ஒரு நுட்பத்தை மனத்தில் கொள்ளவேண்டும். ஓர் ஆண்டில் செலவான மின்சாரத்தின் அளவுக்கு அதே ஆண்டில் சூரிய மின்சாரம் உற்பத்தியானது என்பதே இதன் பொருள். நள்ளிரவில் எரியும் விளக்குக்கு அந்நேரத்தில் மின்தொகுப்பில் என்ன ஓடுகிறதோ அதுவே வருகிறது. தண்ணீர்த் தொட்டிகளைப் போன்ற சேமிப்பு அமைப்புகளுக்கு மதிப்புக் கூடுவது இந்த இடைவெளியைக் குறைப்பதில்தான்.

தீராத குளிர்காலம்

ஏரியால் குளிர்விப்புச் சிக்கலைத் தீர்த்துக்கொண்ட கார்னெலுக்கு, கடுங்குளிர் மாதங்களின் வெப்பத் தேவை இன்னும் முழுமையாகத் தீரவில்லை. 1904இல் அமைந்த ஒரு சிறு நீர்மின் நிலையத்தைத் தன் வளாகத்தின் ஓடையிலேயே கொண்ட அப்பல்கலைக்கழகம், 2011இல் நிலக்கரியைக் கைவிட்டு இயற்கை எரிவாயுவில் இயங்கும் இணை உற்பத்திக்கு மாறியது. இது உமிழ்வைக் குறைத்ததே தவிர நீக்கவில்லை. 2035ஆம் ஆண்டுக்குள் கார்பன் சமநிலை, அதாவது வெளியிடும் கார்பனும் ஈடுசெய்யும் கார்பனும் ஒன்றாகும் நிலை, என்ற இலக்கை எட்டுவதற்காக, 2022இல் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு ஆய்வுத் துளை ஒன்று இடப்பட்டது. பால் ஸ்டேட்டின் துளைகள் மண்ணை ஒரு சேமிப்பிடமாகப் பயன்படுத்துகின்றன. கார்னெலின் துளையோ பூமியின் உட்பகுதியிலிருந்து மேலெழும் வெப்பத்தையே தேடுகிறது. அடியில் சுமார் 80 டிகிரி வெப்பம் இருப்பது தெரியவந்துள்ளது. மின்னுற்பத்திக்கு அது குறைவு என்றாலும் கட்டடங்களைச் சூடாக்கப் போதுமானது. பாறைகளின் விரிசல்கள் வழியே தேவையான அளவு நீரை ஓடச்செய்து அவ்வெப்பத்தை மேலே கொண்டுவர முடியுமா என்பதே இப்போதைய ஆராய்ச்சி. வெற்றி உறுதியில்லாத இத்தகைய சோதனையை ஒரு வணிக நிறுவனம் தன் செலவில் மேற்கொள்வது அரிது. ஆராய்ச்சியையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனத்துக்கோ தோல்வியும் ஒரு முடிவாகவே பயன்படும்.

மூன்றிலும் பொதுவானவை

இம்மூன்று வளாகங்களில் எதன் தொழில்நுட்பத்தையும் அப்படியே பெயர்த்து வேறோரிடத்தில் நட்டுவிட முடியாது. தமிழ்நாட்டைப் போன்ற வெப்பநிலத்தில் ஆழத்து மண்ணும் வெதுவெதுப்பாகவே இருக்கும் என்பதால், அது நேரடியாகக் குளிர்ச்சி தராது. ஆனால், பகலில் கிடைக்கும் சூரிய மின்சாரத்தைக் குளிர்நீராக்கித் தொட்டியில் வைத்து மாலையில் பயன்படுத்துவதும், குளிர்விப்பான்கள் வெளியே தள்ளும் வெப்பத்தை விடுதிச் சமையற்கூடங்களின் வெந்நீர்த் தேவைக்கு மாற்றுவதும் அங்கும் பொருந்தக்கூடிய வழிகள். பெயர்த்து எடுத்துச் செல்லத்தக்கது அணுகுமுறையே. ஸ்டான்ஃபோர்டின் பொறியாளர்கள் முதலில் வாங்கியது எந்திரத்தை அல்ல. மணிநேரக் கணக்கைத்தான் முதலில் எடுத்தார்கள். எங்கே எவ்வளவு வெப்பம், எந்த வெப்பநிலையில், எந்த நேரத்தில் தேவைப்படுகிறது என்பதை அளக்காத வளாகம், தன்னிடம் வீணாவது எது என்பதையே அறியாது.

காலம் இரண்டாவது பொதுக்கூறு. கார்னெலில் தடைசெய்யப்பட்ட வாயு, பால் ஸ்டேட்டில் ஆயுள் முடிந்த கொதிகலன், ஸ்டான்ஃபோர்டில் முடிவை நெருங்கிய எரிவாயு நிலையம் என மூன்று இடங்களிலும் பழையதை எப்படியும் மாற்றியாகவேண்டிய தருணத்திலேயே பெரிய மாற்றம் நிகழ்ந்தது. எப்படியும் செலவிடவேண்டிய தொகை ஒன்று கையில் இருந்ததால், புதிய வழிக்கான செலவு முழுச் சுமையாகத் தெரியாமல், இரண்டு தொகைகளுக்கும் இடையிலான வேறுபாடாக மட்டுமே தெரிந்தது. அத்தருணத்தில் மாற்றுத் திட்டம் ஆயத்தமாக இல்லாமற்போனால், அதே வகையைச் சேர்ந்த மற்றொரு கொதிகலன் வாங்கப்பட்டு, அது இயங்கும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு அந்த வளாகத்தின் பாதையும் தீர்மானிக்கப்பட்டுவிடும். பால் ஸ்டேட் அந்த நிலைக்கு மிக அருகில் சென்று திரும்பியது. ஆகவே, ஒரு பல்கலைக்கழகம் அறிவிக்கும் இலக்கு ஆண்டு எது என்று கேட்பதைவிட, அதன் கொதிகலன்களும் குளிர்விப்பான்களும் எந்த ஆண்டில் மாற்றப்படவேண்டியவை, அதற்குள் அளவீடும் திட்டமும் நிதியும் முடிவாகியிருக்குமா என்று கேட்பதே அதன் உறுதியை அறிவதற்கு நம்பகமான வழியாகும்.